ஸ்டார்ம்ட்ரூப்பர் கவசம்

ஸ்டார்ம்ட்ரூப்பர் கவசம்: 1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் பேரரசுப் படையினர் அணியும் வெண்ணிற உடுப்பு. ரால்ஃப் மெக்குவாரியின் ஓவியங்களிலிருந்து உருவான இது, இங்கிலாந்தில் வெற்றிட வார்ப்பு முறையில் செய்யப்பட்டது. இம்முறையில், சூடேற்றி இளக்கிய பிளாஸ்டிக் தகடு அச்சின்மேல் விரிக்கப்படும். அடியிலிருந்து காற்றை உறிஞ்சியதும் அது அச்சோடு படியும்.

அமைத்தல்: இதன் நகலைச் செய்யும் ரசிகர்கள் பெரும்பாலும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் பாகங்களை வாங்கி, விளிம்புகளை வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, தம் உடலளவுக்குப் பொருத்துகின்றனர். கை, கால் பாகங்களின் இரு பாதிகளும் விளிம்போடு விளிம்பாகச் சேர்க்கப்பட்டு, இணைப்பின்மேல் பட்டை ஒட்டப்படும். எலாஸ்டிக் நாடாக்களும் அழுத்துப் பொத்தான்களும் பாகங்களை உடலில் தாங்கும்.

நுணுக்கம்: மூலத் தலைக்கவசத்தின் இரு பக்கங்களும் ஒத்தவையல்ல, அதன் கோடுகள் கையால் வரையப்பட்டவை. அந்தக் கோணலையும் தூரிகைத் தடத்தையும் காப்பதே உண்மையான செம்மை.

அமைப்பும் சட்டமும்: 1997இல் அமெரிக்காவில் தொடங்கிய 501ஆம் லீஜியன் என்னும் தன்னார்வ அமைப்பு, கவசங்களைத் தர அளவுகோலின்படி சோதித்தே உறுப்பினர்களைச் சேர்க்கிறது. பதிப்புரிமை வழக்கு ஒன்றில், தலைக்கவசம் சிற்பம் அன்று எனப் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது.