பேயைத் தேடிச் சென்ற ஆசிரியர்

சேர நாட்டு மலைமேல் வாழும் தமிழராகிய நாம் ஆண்டுதோறும் விழா எடுக்கும்போது செங்குட்டுவனையும் இளங்கோவையும் தவறாது நினைக்கின்றோம். அதே சேர நாட்டில் நிகழ்ந்ததாகச் சீத்தலைச் சாத்தனார் பாடிய மற்றொரு நிகழ்ச்சியை அத்துணை நினைப்பதில்லை. மணிமேகலை மாதவன் வடிவு கொண்டு வஞ்சி நகர் புகுந்து, அங்கே பல சமயத்தாரும் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கக் கேட்கின்றாள். (வஞ்சி என்பது கரூரா, கொடுங்கல்லூரா என்னும் வழக்கைப் புலவர்களிடமே விட்டுவிடுவோம்.) அளவைவாதி தொடங்கி வைசேடிகவாதி வரை ஒவ்வொருவராகப் பேசிய பின்னர், இறுதியில் பூதவாதி எழுகின்றான். பூவும் வெல்லமும் பிறவும் கூடியவிடத்துக் களிப்பூட்டும் மது பிறப்பதுபோல, பூதங்கள் கூடியவிடத்து உணர்வு பிறக்கிறது, அவை பிரிந்தால் அதுவும் மறைகிறது, கண்ணுக்குப் புலப்படுவதே மெய் என்பது அவன் வாதம். மணிமேகலை நகைக்கின்றாள். இன்னார் என் தாய், இன்னார் என் தந்தை என்பதைக் கருதி உணர்வதன்றி வேறு எவ்வாறு அறிவாய் என்று மடக்குகின்றாள். சாத்தனார் புத்த நெறியினர், பூதவாதிக்கு உடன்பட்டவரல்லர். ஆயினும் அவனையும் அவையில் நிறுத்திப் பேச விட்டார். கடவுளையும் ஆன்மாவையும் ஏற்காத ஒருவன் பலர் நடுவே நின்று பேசவும், கேட்டவர் எதிர்வினா எழுப்பவும் இடமிருந்த அவையொன்றை நம் காப்பியம் நமக்குக் காட்டியிருக்கின்றது.

அதே வாதத்தை அறிவியல் மொழியில் ஊர் ஊராகச் சென்று பேசிய ஒருவர் நம் காலத்தில் இருந்தார். பிறப்பால் மலையாளி. வாழ்வின் பெரும்பகுதியை இலங்கையில் கழித்தவர். தமிழ் மாணவர்க்குப் பாடம் சொன்னவர். அவர் பெயர் ஆபிரகாம் கோவூர்.

கோவூர் 1898ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் திருவல்லாவில் பிறந்தார். தந்தையார் மார்த்தோமா திருச்சபையில் உயர் பொறுப்பு வகித்த பாதிரியார். மகன் கல்கத்தா வங்கவாசி கல்லூரியில் பயின்றார். அக்காலத்து நிகழ்ச்சியொன்றை அவரே பல கூட்டங்களில் சொல்லி மகிழ்ந்ததுண்டு. விடுமுறைக்கு ஊர் திரும்புகையில் கங்கை நீர் கொண்டு வருமாறு அண்டை வீட்டார் கேட்டிருந்தனர். அவர் அதை மறந்துவிட்டார். ஊரை நெருங்கும் வேளையில் நினைவு வர, வழியில் கிடைத்த தண்ணீரைப் புட்டியில் நிரப்பிக்கொண்டுபோய்க் கொடுத்தார். சில நாள் கழித்து, அத்தீர்த்தத்தால் நோய் நீங்கியது என்று பலர் வந்து நன்றி கூறினராம். விளையாட்டாகச் செய்தது அவர் உள்ளத்தில் பெரிய கேள்வியாக நின்றது. தண்ணீர் பொய்யானது, ஆறுதல் மெய்யானது. எனில் நோயை ஆற்றியது யாது? இவ்வினாவே பின்னாளில் அவர் செய்த பணிக்கெல்லாம் வித்து என்று நான் கருதுகிறேன்.

1928ஆம் ஆண்டில் அவர் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் ஆசிரியராகச் சென்றார். அங்கே ஓராண்டு அவரிடம் விவிலியப் பாடமும் ஒப்படைக்கப்பட்டதாம். தேர்வில் மாணவர் மிகச் சிறப்பாகத் தேறினர். ஆயினும் மறு ஆண்டு அப்பாடம் வேறொருவருக்கு மாற்றப்பட்டது. காரணம் கேட்டபோது, மாணவர் தேர்வில் வென்றனர், நம்பிக்கையில் தோற்றனர் என்னும் பொருள்பட முதல்வர் விடையிறுத்தாராம். இதுவும் கோவூர் சொன்ன கதையே. அவர் கதை சொல்வதில் வல்லவர் என்பதை நினைவிற்கொண்டே நாம் இதைக் கேட்க வேண்டும்.

யாழ்ப்பாணத்திலும் பின்னர்த் தென்னிலங்கைப் பள்ளிகளிலும் பணியாற்றி, 1959இல் கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். பலர் ஓய்வுக்குப் பின் திண்ணையைத் தேடுவர். கோவூரோ மேடையைத் தேடினார். 1960இல் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைமையை ஏற்று, இறுதி வரை அப்பொறுப்பில் இருந்தார்.

அவர் சொற்பொழிவுகள் பெரும்பாலும் பேயில் தொடங்கும். உயிர் என்பது யாது என்னும் ஆராய்ச்சியில் முடியும். எரியும் மெழுகுதிரியின் சுடரை அவர் உவமையாகக் கூறுவார். திரியும் மெழுகும் காற்றும் கூடி எரிகின்றவரை சுடர் உண்டு. அணைந்த சுடர் எங்கே போயிற்று என்று கேட்பது எப்படிப் பொருந்தாதோ, அப்படியே உடலின் வேதிவினைகள் நின்றபின் உயிர் எங்கே போயிற்று என்று கேட்பதும் பொருந்தாது என்பார். பூதவாதியின் மதுவும் கோவூரின் சுடரும் ஒரே குலத்தவை என்பதை மணிமேகலை கற்றவர் எளிதில் உணர்வர்.

ஆனால் அவரை ஊரார் தேடி வந்தது தத்துவத்துக்காக அன்று. வீட்டுக் கூரைமேல் கல் விழுகிறது, உடுத்தும் துணி தானே தீப்பற்றுகிறது, சமைத்த சோற்றில் மண் விழுகிறது என்று அஞ்சிய குடும்பத்தினர் அவரை அழைத்தனர். மலையாள நாட்டில் இவற்றைக் குட்டிச்சாத்தான் வேலை என்பர். நம்மவர் ஏவல், பில்லி, சூனியம் என்பர். கோவூர் அவ்வீடுகளுக்குச் சென்று ஒவ்வொருவரையும் தனித்தனியே அமர்த்திப் பேசுவார். கல் எறிந்த கை பெரும்பாலும் அவ்வீட்டுக் கையாகவே இருக்கும். அதிலும், பேச வாயற்றுப்போன ஒருவர் கையாக இருக்கும். விரும்பாத மணத்துக்கு வற்புறுத்தப்பட்ட பெண்ணோ, அன்பின்றி வளர்ந்த சிறுவனோ, உள்ளம் நோயுற்ற ஒருவரோ தம் துயரை அவ்வழியில் வெளியிட்டிருப்பர். அவரை ஊர் முன் நிறுத்தி நாணச் செய்யாமல், குடும்பத்தார்க்கு உண்மையை உணர்த்தி, நோயுற்றவரைத் தேற்றுவதையே அவர் முதற்கடமையாகக் கொண்டார். மேடையில் பேயைப் பழித்தவர் பலர். பேய் பிடித்தவரின் அருகில் அமர்ந்து கேட்டவர் சிலரே. கோவூரின் சிறப்பு இங்கேதான் உள்ளது. மந்திரவாதியின் பிரம்படிக்கு ஆளாகியிருக்க வேண்டியவர்க்கு ஆறுதல் மொழி கிடைத்தது.

குறையொன்றும் சொல்லியாக வேண்டும். அவர் மருத்துவம் கற்றவரல்லர், தாவரவியலறிஞர். அறிதுயில் முறையால் அவர் அளித்த சிகிச்சைகளை இன்றைய மனநல மருத்துவர் அப்படியே ஏற்கமாட்டார். அவருடைய ஏளனப் பேச்சும் சில வேளைகளில் வரம்பு கடந்ததுண்டு.

1963இல் அவர் விடுத்த அறைகூவல் பலரும் அறிந்ததே. ஏமாற்றுக்கு இடமற்ற நிலையில் தெய்வீக ஆற்றல் எதையேனும் செய்து காட்டுவோர்க்கு ஒரு லட்சம் இலங்கை ரூபாய் தருவதாக அறிவித்தார். அதற்கு ஒரு பட்டியலும் வகுத்தார். மூடி முத்திரையிட்ட உறையிலுள்ள பணத்தாளின் எண்ணைப் படித்தல், நீர்மேல் நடத்தல் முதலியன அதில் இருந்தன. அப்பட்டியலில் ஒன்று நம் மலைவாழ் மக்கள் ஊன்றி நோக்கத்தக்கது. எரியும் தணல்மேல் அரை நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும், கால் கொப்புளிக்கலாகாது. நடக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. மாரியம்மன் திருவிழாவில் தீமிதிப்பவர் நடந்து கடப்பதை நாம் கண்டிருக்கின்றோம். மரக்கரித் தணல் வெப்பத்தை மெல்லவே கடத்தும். ஒவ்வோர் அடியும் அதில் படும் நேரமோ மிகச் சிறிது. ஆகவே, நன்கு பரப்பிய தணலில் விரைந்து நடப்பவர் பத்தியுடையவராயினும் அல்லராயினும் கடக்க இயலும். இயலாதது நிற்பதே. அறிவியல் அறிந்தவர் கேள்வியை எவ்வளவு நுட்பமாகக் கேட்கிறார் பாருங்கள்! அப்பரிசை அவர் வாழ்நாளில் எவரும் வென்றிலர்.

தீமிதியைப் பற்றிய பேச்சு இதனோடு நிற்பதாயின் அது வெறும் வேடிக்கை. அதன் அருகில் நோய் இருக்கின்றது. சித்திரபுரத்திலும் மூணாற்றுத் தோட்டங்களிலும் நம் முன்னோர் லயங்களில் குடியேறிய காலத்தில் பெரியம்மை உயிர்க்கொல்லியாக இருந்தது. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டினர், அன்னையை வேண்டினர். அன்பினால் செய்ததை நாம் இகழவேண்டியதில்லை. ஆயின் அந்நோயை உலகினின்று துரத்தியது அம்மை குத்துதலே. இந்தியாவில் அக்கொடுநோய் 1975ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றது. உலகம் முழுவதும் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை 1980ஆம் ஆண்டு மே மாதம் அறிவித்தது. எனினும் தடுப்பூசி பற்றிய அச்சம் ஒழியவில்லை. 2016இல் மலப்புறம் மாவட்டத்தில் தொண்டை அடைப்பான் நோய் மீண்டும் தலைதூக்கியபோது, தடுப்பூசி பெறாத பிள்ளைகளே பெரிதும் இடருற்றனர்.

கோவூரின் அனுபவங்கள் திரைக்கும் வந்தன. பாலக்காட்டில் பிறந்த இயக்குநர் கே. எஸ். சேதுமாதவன் 1972இல் 'புனர்ஜன்மம்' என்னும் மலையாளப் படத்தை எடுத்தார். அடுத்த ஆண்டில் அது 'மறுபிறவி' எனத் தமிழில் வெளிவந்தது. 1976இல் கோவூர் இந்தியாவெங்கும் சுற்றுப்பயணம் செய்து, அற்புதங்கள் எனப்பட்டவற்றை மேடையில் செய்து காட்டி விளக்கினார். அப்போது அவருக்கு வயது எழுபத்தெட்டு. 1978ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் கொழும்பில் மறைந்தார். கண்களையும் உடலையும் தானமாக எழுதி வைத்திருந்தார். தம் எலும்புக்கூடு தேர்ஸ்டன் கல்லூரியின் அறிவியற் கூடத்திற்குச் செல்ல வேண்டும் என்பதும் அவர் விருப்பம்.

அவர் விட்ட பணி பாலக்காட்டுக் கணவாயின் இப்பக்கத்தில் தொடர்ந்தது. கோழிக்கோட்டில் 1930இல் பிறந்த பசவ பிரேமானந்தர், கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரை இருப்பிடமாகக் கொண்டு, நாடெங்கும் சிற்றூர்களில் செய்முறை விளக்கங்கள் நடத்தினார். கோவூர் பேச்சால் செய்ததை இவர் கையால் செய்தார். சாம்பலைக் கஞ்சியில் பிசைந்து உலர்த்திய உருண்டையை விரலிடுக்கில் மறைத்து, நசுக்கித் திருநீறு 'வரவழைப்பார்'. நாவை எச்சிலால் நனைத்து எரியும் கருப்பூரத்தை அதன்மேல் வைப்பார். நெய் வார்க்காமலே வேள்வித்தீ எழுப்புவார். நெய் என்று மக்கள் கருதியது கிளிசரின், கீழே இருந்தது பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு. பின்னர் அவையோரையே அழைத்துச் செய்யச் சொல்வார். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கும் என்பதை ஆரத்தி எடுக்கும் நம் பெண்கள் அறிவர். அதே சிவப்பு மந்திரவாதியின் கையில் குருதியாகிவிடுகின்றது! 1988 முதல் போத்தனூரிலிருந்து ஆங்கில மாத இதழொன்றையும் நடத்தினார்.

இவர்கள் பேசியது வீண் வாதமா என்று கேட்போர் உளர். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் நிகழ்ந்ததை அவர்கள் நினைக்க வேண்டும். தர்காவின் அருளால் மனநோய் தீரும் என நம்பி உறவினர் கொண்டுவந்து விட்டவர்களைத் தனியார் காப்பகமொன்று சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தது. கொட்டகையில் தீப்பற்றியபோது அவர்களால் ஓட இயலவில்லை. இருபத்தெட்டு உயிர்கள் மாண்டன. கோவூர் மறைந்து இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன்பின் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. தொழ வருவோர் தொழட்டும், மருந்தும் உண்ணட்டும் என்னும் நோக்குடன் அரசு அத்தலத்தின் அருகிலேயே மனநல மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்தது. கோவூர் இதை ஒப்பியிருப்பாரோ என்னவோ, நோயாளியின் சங்கிலி கழன்றது என்ற அளவில் நான் ஒப்புகிறேன்.

பிரேமானந்தர் புற்றுநோயுற்று 2009ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் போத்தனூரில் காலமானார். அதற்குச் சில நாள் முன்னர், இறுதி வேளையில் தாம் மனம் மாறிவிட்டதாக எவரேனும் வதந்தி பரப்பக்கூடும் என்று எண்ணி, தாம் இன்னும் பகுத்தறிவாளரே என்று எழுதிக் கையொப்பமிட்டு வைத்தார். அவர் உடல் மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது.