குமுட்டி, கும்பட்டி, கமாடோ: கரியடுப்பின் அளவு குறித்துச் சில குறிப்புகள்

குகட்பள்ளியில் ஆய்வு மாணவர்கள் நால்வர் சேர்ந்து ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். செராமிக் கரியடுப்பு ஒன்று வாங்கலாம் என்று சென்ற மாதம் முடிவாயிற்று. முட்டை வடிவில், கனத்த மூடியுடன் வரும் அந்த அடுப்பை ‘கமாடோ’ என்ற பெயரில் விற்கிறார்கள். தொலைபேசியில் பேசிய விற்பனையாளர் கேட்ட முதற்கேள்வி: “எத்தனை பேருக்கு?” மாலையில் அதன் படத்தை வீட்டுக்கார அம்மாவிடம் காட்டினேன். எழுபதைக் கடந்த தெலுங்குக்காரர். படத்தைப் பார்த்த மாத்திரத்தில் “கும்பட்டி” என்றார். பிறகு அவர் கேட்டது: “இதன்மேல் எந்தப் பாத்திரத்தை வைக்கப் போகிறீர்கள்?”

அளவைப் பற்றிய இவ்விரு கேள்விகளும் ஒன்றல்ல. இவற்றுக்கு இடையே ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தேடியபோது சேர்ந்த குறிப்புகளையே இங்கே தருகிறேன். நீண்ட பதிவு, பொறுத்தருள்க.

முதலில் சொல். தெலுங்கில் தரையோடு சேர்த்து அமைத்த விறகடுப்பு ‘பொய்யி’. எடுத்துச் செல்லத்தக்க கரியடுப்பு ‘கும்பட்டி’. (தமிழில் இப்படி எழுதினாலும், தெலுங்கில் மகரத்துக்குப் பின்வரும் பகரம் வல்லொலியாகவே ஒலிக்கும், நம் ‘கும்பம்’ போன்று மெலியாது.) தமிழில் இதற்கு நேரானது குமுட்டி அடுப்பு. குமுட்டியும் கும்பட்டியும் ஒரே வேரின என்றே நான் கருதுகிறேன்; ஒலி, பொருள் இரண்டும் அதற்கு இடந்தருகின்றன. ஐதராபாத்தின் உருது பேசும் வீடுகளில் இதே பொருளுக்கு ‘அங்கீட்டி’ என்பார்கள். அது ‘அக்னிஷ்டிகா’ என்னும் வடசொல்லின் வழிவந்தது. ஒரே தெருவில் இரு மொழிக் குடும்பங்களின் இரு சொற்கள் ஒரே சட்டியைக் குறிக்கின்றன.

கும்பட்டியின் அளவை அறியத் தெலுங்கு மரபுத்தொடர்களே போதும். தாங்க முடியாத கவலையை ‘நெஞ்சின் மேல் கும்பட்டி’ என்பார்கள்; நாம் ‘வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு’ என்பதுபோல. நெஞ்சின்மேல் வைப்பதாகக் கற்பனை செய்யும் அளவுக்கு அது சிறியது. கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்து செல்வது ‘வேறு கும்பட்டி’ வைப்பது. இன்று குடும்பத்தைவிட அரசியல் செய்திகளில்தான் இத்தொடரை மிகுதியாகக் காண்கிறேன். ஒரு தலைவர் கட்சியை உடைத்தால் மறுநாள் தெலுங்கு நாளிதழில் கும்பட்டி புகையும். பெரிய வீட்டின் பொய்யியைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. பிரிந்தவர் முதலில் பெறுவது சிறிய அடுப்புதான்.

ஜப்பானிய மொழியிலும் இதே உருவகம் உண்டு. கமாடோ என்பது அங்கே அடுப்பு மட்டுமன்று, குடும்பமும் ஆகும். ‘கமாடோவைப் பிரித்தல்’ என்றால் கிளைக்குடும்பம் அமைத்தல். அடுப்புகளிலிருந்து புகை எழாததைக் கண்டு மூன்றாண்டுகளுக்கு வரியை நீக்கிய நின்தோகு மன்னனின் கதை அந்நாட்டில் பெயர்பெற்றது. அடுப்பில் பூனை உறங்குவதை வறுமையின் அடையாளமாகச் சொல்லும் நமக்கு அக்கதை எளிதில் புரியும்.

ஆயினும் இந்த ஒற்றுமையைக் கொண்டு வம்சாவளி எழுதிவிடக் கூடாது. கமாடோ அடுப்புகளின் விற்பனைக் கதைகளில் அதுதான் நிகழ்கிறது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் தந்தூர் கிழக்கே பயணம் செய்து ஜப்பானில் கமாடோ ஆயிற்று என்று எழுதுகிறார்கள். படிக்கும் இந்தியருக்குப் பெருமையாகத்தான் இருக்கும். சொற்கள் அதற்குச் சான்று கூறவில்லை. ‘தந்தூர்’ என்பது அக்காடிய மொழியின் ‘தினூரு’ தொடங்கி அரபு, பாரசீகம் வழியாக நம்மை அடைந்த சொல். காலிபங்கனில் தந்தூரை ஒத்த மண்ணடுப்புகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன என்பது உண்மை. ஆனால் பொருள் பழமையானது என்பதால் அது கடல் கடந்து சென்றது என்றாகிவிடாது. ‘கமாடோ’ என்னும் சொல்லின் முற்பகுதியான ‘கமா’, சோற்றுப்பானையையும் சூளையையும் குறிப்பது. கொரிய மொழியின் ‘கமா’வுடன் தொடர்புடையதாகக் கருதப்படுவது. சுவரையொட்டிய மூடிய மண்ணடுப்பு கி.பி. 5ஆம் நூற்றாண்டளவில் கொரியத் தீபகற்பத்திலிருந்து வந்தவர்களோடு ஜப்பானில் பரவியதைத் தொல்லியலும் காட்டுகிறது. பயன்பாட்டிலும் இரண்டும் வேறு. தந்தூரின் சுவர் ரொட்டியைச் சுடுவதற்கு. கமாடோவின் சுவர் பானையின் அடியில் வெப்பத்தைத் தேக்குவதற்கு. ஒன்று அப்பத்தின் அடுப்பு, மற்றது சோற்றின் அடுப்பு.

இன்று நாம் காணும் முட்டை வடிவத்துக்கு நேர் முன்னோடி ‘முஷிகமாடோ’. மூடியும் காற்றுவாயும் கொண்ட, இடம் பெயர்க்கத்தக்க மண்ணடுப்பு அது. அதனுள் சோற்றுப்பானையை இறக்கி மூடிவிடுவார்கள். ஜப்பானில் சோற்றுப்பானையின் அளவைச் சொல்வது ஆட்கணக்கில் அன்று, அரிசிக் கணக்கில். ஒரு ‘கோ’ ஏறத்தாழ 180 மில்லிலிட்டர். பத்துக் கோ ஒரு ‘ஷோ’. இன்றைய மின்குக்கர்களும் அங்கே இத்தனை கோ என்றே விற்கப்படுகின்றன. நம் பாட்டிமார் ‘ஒரு படி அரிசி வேகும் பானை’ என்றதும் இதே அளவைதான். அரிசி பானையின் அளவை முடிவு செய்தது. பானை அடுப்பின் அளவை முடிவு செய்தது. வீட்டுக்கார அம்மாவின் கேள்வி இந்த மரபிலிருந்து வருகிறது.

இன்னொரு அளவுகோலும் உண்டு: கரி. ஜப்பானியரின் சிறிய கரியடுப்புக்கு ‘ஷிச்சிரின்’ என்று பெயர். ‘ஷிச்சி’ ஏழு, ‘ரின்’ பழைய சிறுநாணயம். ஏழு ரின் விலைக்குரிய கரியில் சமையல் முடிந்துவிடும் என்பதால் இப்பெயர் வந்ததாகப் பரவலாக விளக்குவார்கள். இது மக்கள் வழக்குச் சொற்பிறப்பாகவே இருக்கலாம். ஆனாலும் ஓர் அடுப்பின் பெயரில் எரிபொருளின் விலை இருப்பது மக்களுக்கு இயல்பாகப் பட்டிருக்கிறது என்பதே எனக்கு முக்கியம். நம் குமுட்டியும் கரியைச் சேமிக்கும் கருவியே. காலையில் விறகடுப்புச் சமையல் முடிந்ததும் தணலை நீர் தெளித்து அணைத்துக் கரியாக எடுத்து வைப்பார்கள். மாலையில் காப்பிக்கு வெந்நீர் வைக்கவும், ஈயச்சொம்பில் ரசம் வைக்கவும், அப்பளமோ கத்தரிக்காயோ சுடவும் அந்தக் கரி குமுட்டிக்குப் போகும். ஒரு கைப்பிடிக் கரி, ஒரு பனையோலை விசிறி. வேலைக்கேற்ற வாய், வாய்க்கேற்ற கரி.

சங்க இலக்கியத்துக்கும் ஒரு நடை சென்று வரலாம். நெடுநல்வாடையில் கூதிர்கால நெருப்புச் சட்டிக்குத் ‘தடவு’ என்று பெயர். ‘தட’ என்னும் உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியம் ‘பெருமை’ என்று பொருள் கூறுகிறது. வளைவு என்னும் பொருளும் உண்டு. அகன்ற வாயுடைய கணப்புச் சட்டி தன் அளவாலேயே பெயர் பெற்றதோ என்று எண்ண இடமிருக்கிறது. இதை உறுதியாகச் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு வேறுபாடு தெளிவு. குளிர்காய்வதற்கான சட்டிக்கு வாய் அகலம், ஏனெனில் வெப்பம் சுற்றியிருப்பவர்களை அடைய வேண்டும். சமையலுக்கான குமுட்டிக்கு வாய் குறுகல், ஏனெனில் வெப்பம் பாத்திரத்தை விட்டு வெளியே போகக் கூடாது. அளவு என்பது தொழிலிலிருந்து பிறந்திருக்கிறது, ஆட்களின் எண்ணிக்கையிலிருந்து அன்று.

அப்படியானால் “எத்தனை பேருக்கு?” எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜப்பானில் இருந்த அமெரிக்கப் படையினர் முஷிகமாடோவைக் கண்டு ஊருக்குக் கொண்டு சென்றனர். சோற்றுப்பானையை எடுத்துவிட்டு அவ்விடத்தில் கம்பித்தட்டை வைத்து இறைச்சி சுட்டனர். பானை போனதும் அடுப்பின் அளவைத் தீர்மானித்துவந்த பொருளும் போயிற்று. 1974இல் அட்லாண்டாவில் எட் ஃபிஷர் தொடங்கிய ‘பிக் கிரீன் எக்’ நிறுவனம் இதை ஒரு தனி வணிகமாக்கியது. முதலில் விற்ற மண்கலங்கள் விரிசல் கண்டதால் பின்னர் உறுதியான செராமிக்குக்கு மாறினார்கள். நேர்மாறாக, 1955இல் தோஷிபா நிறுவனத்தின் தானியங்கி மின்குக்கர் வந்தபின் ஜப்பானிய வீடுகள் முஷிகமாடோவைக் கைவிட்டன. இங்கே நம் வீடுகளில் குமுட்டி மறைந்ததற்குக் காரணம் எரிவாயு உருளை. 1965இல் கொல்கத்தாவில் ‘இண்டேன்’ அறிமுகமானதை அதன் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றாகக் கொள்ளலாம். சொந்த ஊரில் வழக்கொழிந்த கருவி, அயலூரில் சட்டை அளவுகளைப் போல மினி, ஸ்மால், மீடியம், லார்ஜ், எக்ஸ்எல் என்று பிரிந்து, இப்போது நம்மிடம் புதுப்பொருளாக வருகிறது.

இந்தப் பெயர்கள் கண்ணை மயக்குபவை. அந்நிறுவனத்தின் ‘மினி’யின் கம்பித்தட்டு விட்டம் ஏறத்தாழ 25 செ.மீ.; ‘மினிமேக்ஸ்’ 33; ‘மீடியம்’ 38; ‘லார்ஜ்’ 46; ‘எக்ஸ்எல்’ 61. முப்பத்துமூன்றுக்கும் நாற்பத்தாறுக்கும் இடையே பதின்மூன்று சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். பரப்பைக் கணக்கிட்டால் 855 சதுர செ.மீ. 1,660ஐத் தொட்டுவிடுகிறது, ஏறக்குறைய இருமடங்கு. எடையும் அப்படியே: மினிமேக்ஸ் சுமார் 35 கிலோ, லார்ஜ் சுமார் 73 கிலோ. அத்தனை செராமிக்கும் சூடேறிய பிறகே அடுப்பு தன் நிலைக்கு வரும். பல மணிநேரம் மெல்ல வேகும் இறைச்சிக்கு அந்த வெப்பம் வட்டியோடு திரும்பி வரும். நான்கு சோளக்கதிரும் ஒரு கத்தரிக்காயும் சுடுவதற்கென்றால், எரித்த கரியில் பெரும்பகுதி அடுப்புக்குத்தான் உணவு.

‘ஐயமிருந்தால் பெரியதையே வாங்குங்கள்’ என்பது அமெரிக்க வழிகாட்டிகள் பலவற்றின் அறிவுரை. கொல்லைப்புறமும் வார இறுதி விருந்தும் உள்ள வாழ்க்கைக்கு அது பொருந்தலாம். குகட்பள்ளியில் மூன்றாம் மாடி வாடகை வீட்டுக்கு, ஆய்வேடு முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் வேறு கும்பட்டி வைக்கப்போகும் நால்வருக்கு, அது பொருந்தாது. 73 கிலோவை மாடிப்படியில் ஏற்றுவது ஒருநாள் வேலை. இறக்குவது யார் பொறுப்பு என்பது நட்பைச் சோதிக்கும்.

ஆகவே வீட்டுக்கார அம்மாவின் கேள்விக்கே திரும்பினோம். எங்களுக்கு வேண்டியவை மூன்று: ரொட்டி, கபாப், எப்போதாவது தம் பிரியாணி. இவற்றுள் அளவைத் தீர்மானிப்பது மூன்றாவதுதான். தம் முறையில் ஹண்டியின் வாயை மாவால் அடைத்து, கீழேயும் மூடியின் மேலேயும் தணல் இடுவார்கள். கமாடோவில் மேல்தணலின் வேலையைக் குவிந்த மூடியே செய்துவிடும். அதற்கு ஹண்டியின் தலைக்கும் மூடிக்கும் இடையே காற்று உலவ இடம் வேண்டும். நெருப்பு நேரே படாதிருக்க இடையில் வைக்கும் செராமிக் பலகை இன்னும் சிறிது உயரத்தை எடுத்துக்கொள்ளும். விட்டத்தை எல்லோரும் கேட்கிறார்கள், உயரத்தை யாரும் கேட்பதில்லை. எங்கள் ஹண்டியை நூல் கொண்டு அளந்தோம்: அகலம் 26 செ.மீ., மூடியோடு உயரம் 17. மினியில் அது இறங்கவே இறங்காது. 33 செ.மீ. தட்டுள்ள அடுப்பில் அகலம் போதும். உயரம் மட்டும் பலகையோடு சேர்த்தால் இழுபறி. கடைக்கு ஹண்டியையே எடுத்துச் சென்று, பலகையை வைத்து, மூடியை மூடிப் பார்த்து வாங்கினோம். விற்பனையாளர் சிரித்தார். சிரிக்கட்டும்.

இதில் அளவைவிட முந்தியது ஒன்று உண்டு: இடம். குமுட்டி முற்றத்திலும் தாழ்வாரத்திலும் எரிந்த அடுப்பு. அதன் மேலே வானம் இருந்தது. இன்றைய அடுக்ககங்களில் பால்கனியைக் கண்ணாடியிட்டு அடைத்து அறையாக்கிவிடுகிறோம். கரி வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் அங்கீட்டியை வைத்து உறங்கியோர் மறுநாள் எழாத செய்தி வட இந்தியாவிலிருந்து குளிர்காலந்தோறும் வருகிறது. சிறிய அடுப்பு என்பதால் சிறிய ஆபத்து என்றில்லை. செராமிக் அடுப்பின் காற்றுவாயை அடைத்தபிறகும் உள்ளே கரி நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். எங்கள் பால்கனியில் கண்ணாடி இருந்ததால் அங்கே வைக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, உரிமையாளரின் இசைவோடு மொட்டைமாடிக்குக் கொண்டு சென்றோம். 73 கிலோவாக இருந்திருந்தால் இந்த முடிவை எடுத்திருப்போமா என்று தெரியவில்லை.

முதல்நாள் வீட்டுக்கார அம்மா மேலே வந்து பார்த்தார். மூடியைத் தூக்கிப் பார்த்து, இவ்வளவு கனம் எதற்கு என்றார். பிறகு இரண்டு கத்தரிக்காயைக் கொடுத்து, தணல் ஆறுவதற்குள் சுட்டுத் தரச் சொன்னார்.

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். குமுட்டிக்கு உங்கள் வட்டாரத்தில் வேறு பெயர் வழங்கினால் பின்னூட்டத்தில் ஊர்ப்பெயரோடு குறிப்பிடுங்கள். குறிப்பாகத் தென்மாவட்டங்கள், ஈழம், மலேயாத் தோட்டப்புறத் தமிழ் வழக்குகள் வேண்டும். அந்த அடுப்பின் பெரியது, சிறியது ஆகியவற்றுக்குத் தனிப்பெயர் இருந்தால் அதையும் எழுதுங்கள்.