பிபிஇ பொத்தானும் கிழிந்த ஸ்பீக்கரும்

ஹாலில் ஐவா மினி ஹைஃபை இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ‘பிபிஇ’ என்ற மூன்றெழுத்துப் பொத்தான் நினைவிருக்கும். அதை அமுக்கினால் பாடகர் குரலில் ஒரு பளபளப்பு ஏறும். தபலா முன்னால் வந்து உட்காரும். திரும்ப அமுக்கினால் பாட்டின்மேல் யாரோ போர்வையைப் போட்டதுபோல் இருக்கும். அந்தப் பொத்தானை அணைத்து வைத்திருந்த வீட்டை நான் பார்த்ததில்லை. மின் கிட்டார் வாசிக்கிறவர்களோடு பழகத் தொடங்கிய பிறகு அதே மூன்றெழுத்தை வேறொரு உருவத்தில் சந்தித்தேன். ரேக்கில் மாட்டும் தட்டையான பெட்டி, பெயர் ‘சோனிக் மேக்ஸிமைசர்’. சிலர் அது இல்லாமல் மேடை ஏறமாட்டார்கள். சிலர் அதைப் பார்த்தாலே முகம் சுளிப்பார்கள். இந்த மாதிரி மெருகுப் பெட்டிகள் கிட்டார் ஆம்ப்பின் டோனை உண்மையிலேயே நல்லதாக்குகின்றனவா? இந்தச் சண்டையைத் தீர்க்கக் காது மட்டும் போதாது, கொஞ்சம் வரலாறும் வேண்டும் என்பது என் கட்சி.

முதலில், இந்தப் பெட்டிகள் எதற்காக வந்தன என்று பார்க்க வேண்டும். 1970களின் ஒலிப்பதிவு என்றால் காந்த நாடா. ஒரு நாடாவிலிருந்து இன்னொரு நாடாவுக்குப் பிரதி எடுக்கும் ஒவ்வொரு முறையும் உச்ச அதிர்வெண்கள் கொஞ்சம் மங்கும், இரைச்சல் கொஞ்சம் கூடும். சரி, ட்ரெபிளை ஏற்றலாமே என்றால் கூடவே நாடாவின் ‘ஸ்ஸ்’ சத்தமும் ஏறும். 1975வாக்கில் அமெரிக்காவில் வந்த ஏஃபெக்ஸ் ஆரல் எக்ஸைட்டர் இதற்கு வேறு வழி காட்டியது. இருக்கிற ஒலியின் மேல்பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து, வேண்டுமென்றே கொஞ்சம் சிதைத்து, அதில் பிறக்கும் புதிய ஹார்மோனிக்ஸை மூல ஒலியோடு மிகக் குறைந்த அளவில் கலந்துவிடும். தொலைந்துபோனது திரும்பி வராது. ஆனால் தொலைந்த இடத்தில் அதைப் போன்ற ஒன்று வந்து உட்காரும். காது அதைத் தெளிவு என்று எடுத்துக்கொள்ளும்.

இந்த யோசனை எப்படி வந்தது என்பதற்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. கர்ட் நாப்பல் என்பவர் கிட்டாக வந்த ஒரு ஸ்டீரியோ வால்வு ஆம்ப்பைத் தன் கையால் பூட்டியபோது ஒரு சானல் பழுதாகிவிட்டதாம். பழுதான சானலைத் தனியாகக் கேட்டால் கர்ணகடூரம். நல்ல சானலோடு சேர்த்துக் கேட்டால் ஒலி திறந்துகொண்டது. ஆரம்பத்தில் ஏஃபெக்ஸ் இந்தப் பெட்டியை விற்கவே இல்லை, வாடகைக்குத்தான் விட்டது. முடிந்த பாட்டின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 30 டாலர்! மூன்றரை நிமிடப் பாட்டுக்கு 105 டாலர் கட்டிவிட்டு ‘எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை’ என்று எந்தத் தயாரிப்பாளர் சொல்லியிருப்பார் என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பிபிஇயின் வழி வேறு. பார்க்கஸ்-பெர்ரி என்ற நிறுவனம் 1960களில் வயலினுக்கான பியஸோ பிக்கப்களால் பெயர் பெற்றது. அதன் எலெக்ட்ரானிக்ஸ் கிளைதான் பிபிஇ. 1980களின் நடுவில் அது சொன்ன வாதம் இது: ஸ்பீக்கரின் காயில் உச்ச ஒலிகளைப் பின்தங்க வைக்கிறது, அதனால் அடி ஒலிகளைச் சுமார் 2.5 மில்லிசெகண்டும் நடு ஒலிகளைச் சுமார் 0.5 மில்லிசெகண்டும் நிறுத்தி வைத்தால் எல்லாம் ஒழுங்காக வந்து சேரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2.5 மில்லிசெகண்டில் ஒலி காற்றில் 85 சென்டிமீட்டர்தான் போகும். ஜாமிங் ஸ்டூடியோவில் நீங்கள் ஓரடி பின்னால் எடுத்து வைத்தாலே கிட்டத்தட்ட அந்தத் தூரம் வந்துவிடும். அடி ஒலிகளில் இவ்வளவு சின்னத் தாமதத்தைக் கண்டுபிடிக்கும் திறமை நம் காதுக்குக் கிடையாது. பெட்டியைப் போட்டதும் ‘ஆஹா’ என்று நாம் கேட்பது பெரும்பாலும் அதன் இரண்டு குமிழ்கள் செய்யும் வேலையைத்தான். ‘லோ காண்டூர்’ அடியைத் தூக்குகிறது, ‘பிராசஸ்’ உச்சியைத் தூக்குகிறது. நடுவில் பள்ளம்.

இப்போது கிட்டார் ஆம்ப்புக்கு வருவோம். இங்கேதான் கதை தலைகீழாகிறது.

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டருக்குச் சுத்தமான சத்தம்தான் இலட்சியம். அவருடைய ஆம்ப்கள் திரிபில்லாமல் பாட வேண்டும் என்றே கட்டப்பட்டவை. வாசித்தவர்கள் கேட்கவில்லை. 1951இல் மெம்ஃபிஸில் சாம் ஃபிலிப்ஸ் ‘ராக்கெட் 88’ஐப் பதிவு செய்தபோது வில்லி கிஸார்ட்டின் ஆம்ப் ஏற்கெனவே அடிபட்டிருந்தது. காரிலிருந்து விழுந்தது என்கிறார்கள், மழையில் நனைந்தது என்கிறார்கள். கூம்புக்குள் காகிதத்தைத் திணித்து ஒப்பேற்றினார்கள். அந்தக் கரகரப்பே பாட்டின் அடையாளமானது. 1958இல் ‘ரம்பிள்’ வாசித்த லிங்க் ரே ஸ்பீக்கர் கூம்பில் ஓட்டை போட்டார். நாஷ்வில்லில் மார்ட்டி ராபின்ஸ் பாடிய ‘டோன்ட் வொரி’க்கு மிக்ஸிங் மேசையின் பழுதான ஒரு சானல் கிரேடி மார்ட்டினின் கிட்டாரை வண்டுபோல் ரீங்கரிக்க வைத்தது. அந்தப் பழுதைப் பெட்டிக்குள் அடைக்க முயன்றதில்தான் 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் வந்தது. 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் பிளேடை எடுத்துத் தன் சின்ன ஆம்ப்பின் ஸ்பீக்கரைக் கீறினார். ‘யூ ரியலி காட் மீ’யின் அந்த உறுமல் கீறிய காகிதத்தின் உறுமல்.

ஆக, இரண்டு கதையும் பழுதில்தான் தொடங்குகின்றன. இரண்டிலும் வேலை செய்வது ஹார்மோனிக்ஸ்தான். ஆனால் போகும் திசை வேறு. ஹைஃபையில் ஆம்ப் ஒரு தபால்காரர். கடிதத்தைத் திருத்த அவருக்கு உரிமை இல்லை. மின் கிட்டாரில் ஆம்ப் வாத்தியத்தின் பாதி. வீணைக்குக் குடம்போல. அதில் உச்ச ஒலி குறைவாக இருக்கிறதே என்று பதறுவது, குடத்துக்குள் ஏன் இவ்வளவு எதிரொலி என்று கேட்பதற்குச் சமம்.

எண்களில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸ். மெல்லிய தந்தியின் 24ஆவது கட்டில் விரல் வைத்தால் சுமார் 1,319 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே இருப்பதெல்லாம் ஹார்மோனிக்ஸ். 1962இல் லண்டனில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், ஃபெண்டரின் பாஸ்மேன் ஆம்ப்பைப் பார்த்துத் தன் முதல் ஆம்ப்பை உருவாக்கியபோது, அதற்குத் துணையாக நின்றவை செலஸ்டியனின் 12 அங்குல ஸ்பீக்கர்கள். இந்த ரகத்துக்கு ட்வீட்டர் கிடையாது. சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சத்தம் மலைச்சரிவுபோல் இறங்கிவிடும். திரிந்த வால்வு ஆம்ப் ஏராளமான ஹார்மோனிக்ஸை உற்பத்தி செய்கிறது. அதில் காதைக் கீறும் பகுதியை அந்தக் காகிதக் கூம்புதான் வடிகட்டி நமக்குத் தருகிறது. அப்படியிருக்க, எக்ஸைட்டரின் வேலையெல்லாம் அந்தச் சரிவை ஒட்டியும் அதற்கு மேலும்தான். நீங்கள் காசு கொடுத்துச் சேர்த்த மினுமினுப்பில் பெரும்பகுதியை ஸ்பீக்கர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். தப்பி வருவது வெறும் சரசரப்பு.

ட்ரெபிளே தேவையில்லை என்கிறேனா? கிடையவே கிடையாது. 1960களின் இங்கிலாந்து கிட்டார்காரர்கள் ட்ரெபிளுக்காக அலைந்தார்கள். ஷேடோஸ் போன்ற குழுக்களின் பசிக்குத்தான் வாக்ஸ் ஏசி30 ஆம்ப்புக்கு ‘டாப் பூஸ்ட்’ என்ற கூடுதல் சர்க்யூட் வந்தது. (1961இல் கிளிஃப் ரிச்சர்டோடு ஷேடோஸ் சிங்கப்பூரில் வாசித்துவிட்டுப் போன பிறகு இங்கே முளைத்த கிட்டார் குழுக்களுக்குக் கணக்கில்லை. நம் வட்டாரத்துக் குகிரான்களின் கணீர் சத்தத்துக்கும் இந்த ட்ரெபிள் பசிக்கும் நேரடி உறவு உண்டு.) கொஞ்ச காலத்தில் டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர் வந்தது. ஒரே ஒரு ஜெர்மேனியம் டிரான்ஸிஸ்டர், ஒரு குமிழ், அவ்வளவுதான். ரோரி கல்லகர் அதை ஏசி30க்கு முன்னால் வைத்தார். டோனி அயோமியின் இரும்புச் சத்தத்திலும் அதற்குப் பங்குண்டு.

கவனிக்க வேண்டியது ‘முன்னால்’ என்ற சொல்லை. ரேஞ்ச்மாஸ்டர் உட்காருவது கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில். அது உச்சியை ஏற்றிவிட்டு வால்வைத் திரிய வைக்கும். அடி ஒலிகள் குழைந்து சேறாவதில்லை. பிறகு ஸ்பீக்கர் எல்லாவற்றையும் செதுக்கும். சோனிக் மேக்ஸிமைசரோ வழக்கமாக எஃபெக்ட்ஸ் லூப்பில், அதாவது ப்ரீஆம்ப் திரித்து முடித்த பிறகு உட்காருகிறது. முதலாவது, சமைக்கும்போது சேர்க்கும் மிளகு. இரண்டாவது, இறக்கி வைத்த பிறகு மேலே தூவுவது. ரெண்டும் மிளகுதான், ரெண்டும் ஒரே ருசியில்லை.

அப்படியானால் 1980களில் அத்தனை பேர் ஏன் பிபிஇ வாங்கினார்கள்? அவர்கள் முட்டாள்கள் இல்லை. அது ரேக் காலம். கிட்டாரிலிருந்து ஆம்ப்புக்குப் போகும் வழியில் ஆளுயரத்துக்குப் பெட்டிகள், பல மீட்டர் கேபிள். கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் உச்ச ஒலியைத் தின்னும். ஒவ்வொரு பெட்டியும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். இது யாரும் விரும்பிச் செய்த இழப்பு இல்லை. நாடாவில் நடந்ததைப் போன்ற இழப்புதான். அங்கே மெருகுப் பெட்டிக்கு நியாயமான வேலை இருந்தது. திரிபில்லாத சத்தத்துக்கும், ஆம்ப்பில்லாமல் நேராக மிக்ஸருக்குப் போகும் பியஸோ கிட்டாருக்கும் இன்றுகூட அது உதவும்.

அதற்கு வெளியே, நாம் ஏமாறுவது சத்த அளவில். மெதுவாகக் கேட்கும்போது அடியும் உச்சியும் காதில் சரியாக விழாது, சத்தம் கூடக் கூட இரண்டும் எழுந்து வரும் என்று பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டினார்கள். பிபிஇ போடும் பள்ளம் அச்சு அசல் இதே வடிவம்தான். மெல்லிய சத்தத்தைப் பெரிய சத்தம் மாதிரி அது நடிக்க வைக்கிறது. படுக்கையறையில் தனியாக வாசிக்கிறவனுக்கு இது சொர்க்கம். நானும் நண்பனும் ஒரு ஜாமிங் ஸ்டூடியோவில், பெட்டியைப் போட்டபோதும் எடுத்தபோதும் மீட்டரில் ஒரே அளவு காட்டும்படி சமன் செய்துவிட்டுக் கேட்டோம். தனியாக வாசித்தபோது பெட்டி போட்ட சத்தமே எங்கள் இருவருக்கும் பிடித்தது, கொஞ்சமாகத்தான். டிரம்மும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் நிலைமை மாறியது. பெட்டி தூக்கிய அடி பேஸ் கிட்டாருக்குள் போய் மறைந்தது. தூக்கிய உச்சி சிம்பலுக்குள் கரைந்தது. கிட்டாருக்குச் சொந்தமான இடம் நடுப்பகுதி. அங்கேதான் பெட்டி பள்ளம் தோண்டியிருந்தது. நண்பன் இன்னும் சத்தமாக வை என்றான். பெட்டியை எடுத்தேன், குமிழைத் தொடாமலே கிட்டார் மேலே வந்தது.

லியோ ஃபெண்டர் 1991 மார்ச்சில் காலமானார். அவர் கடைசியாக நடத்திய ஜி அண்ட் எல் நிறுவனத்தை அதே ஆண்டில் வாங்கியது பிபிஇதான். தெளிவான சத்தத்துக்காக உழைத்த மனிதரின் பட்டறை தெளிவை விற்கும் நிறுவனத்திடம் போனது பொருத்தமா, குறும்பா என்று சொல்லத் தெரியவில்லை.

இன்று ஆம்ப்பே இல்லாமல், டிஜிட்டல் மாடலரை ஹெட்ஃபோனில் மாட்டி வாசிக்கிறோம். அதில் ஸ்பீக்கரும் வெறும் கணக்குதான். 20 கிலோஹெர்ட்ஸ் வரை தாராளமாகத் தரும் இயந்திரம். எனக்குத் தெரிந்த கிட்டார் பசங்களில் பாதிப் பேர் புதிதாக ஒன்று வாங்கியதும் மெனுவில் முதலில் தேடுவது ‘ஹை கட்’. அதை 6 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கி வைத்துவிட்டுத்தான் முதல் கார்டையே அடிக்கிறார்கள்.