ராணுவ ஆட்சியை எதிர்த்த மாணவர்கள் பாடிய பழைய மலைப் பாட்டு: யார் இந்த நிகோஸ் க்ஸிலூரிஸ்?

1973 நவம்பர். கிரீஸ் தலைநகர் ஏதென்ஸில் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்துக்குள் மாணவர்கள் திரண்டு, ராணுவ ஆட்சிக்கு எதிராகக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒலித்த பாட்டு ஒன்று புதுசு இல்லை. கிரீட் தீவின் மலைக்கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகப் பாடியது. அதை நாடு முழுக்கக் கொண்டுபோன குரல், நிகோஸ் க்ஸிலூரிஸ்.

எரிக்கப்பட்ட ஊரின் பிள்ளை

1936-ல் கிரீட்டின் அனோயா கிராமத்தில் பிறந்தவர் நிகோஸ். ஆடு மேய்ப்பவர்கள் நிறைந்த ஊர். 1944 ஆகஸ்டில் ஜெர்மன் படை அந்த ஊரையே கொளுத்தித் தரைமட்டமாக்கியது. ஜெர்மன் தளபதி ஒருவரைக் கடத்தியவர்களுக்கு உதவினார்கள் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. நிகோஸுக்கு அப்போது 8 வயது.

சிறுவயதிலேயே கையில் எடுத்தது லீரா. மடியில் நிறுத்தி வில்லால் வாசிக்கும் மூன்று தந்தி வாத்தியம் இது. வயலின் மாதிரி விரல் நுனியால் தந்தியை அழுத்த மாட்டார்கள், நகத்தைப் பக்கவாட்டில் வைத்துத்தான் வாசிப்பார்கள்.

17 வயதில் ஹெராக்லியன் நகரத்துக்குப் போனார். அங்கே டேங்கோவுக்கும் வால்ட்ஸுக்கும்தான் மவுசு. பிழைக்கணுமே! அதையும் லீராவிலேயே வாசித்தார். 1958-ல் முதல் இசைத்தட்டு. 1969-ல் 'அனிஃபாந்து' பாட்டு ஹிட்டாக, ஏதென்ஸுக்குக் குடிபெயர்ந்தார்.

நாட்டுப்புறப் பாட்டு எப்படி ஆயுதமானது?

1967 ஏப்ரலில் கிரீஸில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பிரபல இசையமைப்பாளர் மிக்கிஸ் தியோடோராகிஸின் பாடல்களுக்குத் தடை. ஆனால் நாட்டுப்புறப் பாட்டையும் நடனத்தையும் தேசப்பற்று என்று அதே அரசு மேடையேற்றியது. அங்கேதான் ஒரு சந்து கிடைத்தது.

1971-ல் இசையமைப்பாளர் யானிஸ் மார்கோபூலோஸுடன் சேர்ந்து 'ரிசிடிகா' ஆல்பத்தைக் கொடுத்தார் நிகோஸ். ரிசிடிகா என்பது மேற்கு கிரீட் மலையடிவாரப் பாட்டு. வாத்தியமே இல்லாமல், இரண்டு கூட்டமாகப் பிரிந்து மாறி மாறிப் பாடுவார்கள். நிகோஸின் ஊர் நடு கிரீட். அதனால் இது அவர் ஊர்ப் பாட்டுகூட இல்லை.

அந்த ஆல்பத்தில் ஒரு பாட்டு, வானம் தெளியட்டும் என்று காத்திருந்து, துப்பாக்கியோடு பகை தீர்க்கக் கிளம்பும் ஒருவனைப் பற்றியது. வரிகளில் அரசியல் ஒரு சொல்கூட கிடையாது. ஆனால் எந்த வானம், யார் மீது பகை என்று கேட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1973-ல் 'எங்கள் பெரிய சர்க்கஸ்' நாடகத்திலும் பாடினார். கிரேக்க வரலாற்றைச் சொல்கிற சாக்கில் ஆட்சியாளர்களைக் குத்திய நாடகம் அது. நாயகி ஜென்னி கரேசி கைது செய்யப்பட்டார். நவம்பர் 17 அதிகாலை, பாலிடெக்னிக் வாசல்கதவை ராணுவ டாங்கி இடித்துத் தள்ளியது. மறு வருடம் ஜூலையில் ராணுவ ஆட்சி கவிழ்ந்தது.

43 வயதில் மரணம்

அதன்பின் நிகோஸுக்குக் கிடைத்தது ஆறு வருடம்கூட இல்லை. புற்றுநோய் தாக்க, 1980 பிப்ரவரி 8-ல் காலமானார். அந்தப் பாட்டுக்காரன் காத்திருந்ததும் பிப்ரவரி மாதத்துக்காகத்தான்.

'ப்ஸாரந்தோனிஸ்' என்ற பெயரில் லீரா வாசிக்கும் அந்தோனிஸ், நிகோஸின் தம்பி. அவரும் உலகறிந்த கலைஞர். தம்பி மகன் யோர்கிஸ், லவுட்டோ என்ற தந்தி வாத்தியத்தோடு வெளிநாட்டு மேடைகளில் வாசித்து வருகிறார்.