தானுந்து தொடக்கக் கோளாறு

தானுந்து தொடக்கக் கோளாறு என்பது, சாவியைத் திருப்பிய பின்னரும் தானுந்தின் இயந்திரம் இயங்கத் தொடங்காத நிலையைக் குறிக்கும். பேச்சு வழக்கில் "வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை" எனக் கூறப்படுவது இதுவேயாகும். பேட்டரி, அதன் முனை இணைப்புகள், தொடக்கி மின்னோடி, பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்ட்டர்னேட்டர் ஆகிய நான்கனுள் ஒன்றிலேயே பெரும்பாலும் இக்கோளாறு அமைகிறது. பழுது எங்குள்ளது என்பதை மல்ட்டிமீட்டர் எனப்படும் பன்னளவி ஒன்றின் துணையுடன் வீட்டிலேயே ஓரளவு உறுதியாகக் கண்டறியலாம். அவ்வாறு கண்டறியாமல் புதிய பேட்டரி வாங்குவோர் பலர். முனையில் படிந்த உப்பைத் துடைத்திருந்தால் போதும் என்பது பின்னரே தெரியவருகிறது.

இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை ஊர்களில் இக்கோளாறு தனித் தன்மை கொண்டது. தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே பாக்கு நீரிணைக் கரையில் அமைந்துள்ள காரங்காடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும். அங்குள்ள அலையாத்திக் காட்டைப் படகில் சென்று காண்பதற்கு வனத்துறையும் ஊர் மக்களும் இணைந்து சூழல் சுற்றுலா நடத்துகின்றனர். இதனால் வெளியூர்த் தானுந்துகள் பல அங்கு வருகின்றன. வெப்பம், ஈரப்பதம், உப்புக் காற்று ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இத்தகைய இடங்களில் மின் இணைப்புகள் விரைவில் அரிக்கப்படுகின்றன. காரைக்குடியில் 1953 சனவரி 14 அன்று திறக்கப்பட்ட நடுவண் மின்வேதியியல் ஆய்வகம், உலோக அரிப்பை ஆராய்வதற்கு இதே மாவட்டத்தின் மண்டபம் கடற்கரையைப் பயன்படுத்தி வந்துள்ளது. பேட்டரி பற்றிய ஆய்வும் அவ்வாய்வகத்தின் பணிகளுள் ஒன்றாகும். அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கியவர் வள்ளல் அழகப்பச் செட்டியார்.

வரலாறு

ஈய-அமில மின்கலத்தை 1859 இல் பிரான்சு நாட்டவரான கசுத்தோன் பிளாந்தே உருவாக்கினார். எனினும் தொடக்ககாலத் தானுந்துகளில் இயந்திரத்தைக் கைப்பிடி கொண்டு சுழற்றியே இயக்கினர். இயந்திரம் திடீரெனப் பின்னோக்கி உதைத்தால் கை எலும்பு முறியும். அமெரிக்கரான சார்லசு கெட்டரிங் வடிவமைத்த மின் தொடக்கி 1912 ஆம் ஆண்டின் காடிலாக் தானுந்துகளில் இடம்பெற்றது. இந்தியாவில் 2014 வரை உற்பத்தி செய்யப்பட்ட அம்பாசிடர் தானுந்தில் மின் தொடக்கியுடன் கைப்பிடியும் நெடுங்காலம் பயன்பட்டது. இன்றைய தானுந்துகளில் அவ்வசதி இல்லை. பேட்டரி ஓய்ந்தால் வண்டியும் ஓய்ந்துவிடும்.

செயற்படும் முறை

12 வோல்ட் பேட்டரி ஆறு மின்கலங்களைக் கொண்டது. முழுமையாக மின்னேற்றப்பட்ட ஒவ்வொரு மின்கலமும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். சாவியைத் திருப்பும்போது சிறு மின்னோட்டம் ஒன்று சோலனாய்டு எனப்படும் மின்காந்தச் சாவியை இழுக்கிறது. அது பெரிய தொடுகைகளை இணைக்க, பேட்டரியிலிருந்து நேரடியாக மின்னோட்டம் தொடக்கி மின்னோடிக்குப் பாய்கிறது. சிறிய பெட்ரோல் தானுந்தில் இவ்வோட்டம் 100 முதல் 200 ஆம்பியர் வரை இருக்கும். டீசல் இயந்திரத்தில் இதனினும் மிகும். முகப்பு விளக்குகள் இரண்டும் சேர்ந்து எடுப்பது ஏறத்தாழ 10 ஆம்பியர் மட்டுமே. எனவே விளக்கு எரிவதால் மட்டும் பேட்டரி நன்றாக உள்ளது என முடிவு செய்தல் தவறு.

ஒலியைக் கொண்டு அறிதல்

கருவி ஏதும் இல்லாதபோது காதும் கண்ணுமே கருவிகள். சாவியைத் திருப்பும்போது "டிக் டிக் டிக்" எனத் தொடர்ந்து ஒலித்தால் பேட்டரியில் மின்னேற்றம் குறைந்துள்ளது, அல்லது முனை இணைப்பு தளர்ந்துள்ளது எனக் கொள்ளலாம். சோலனாய்டு இழுத்தவுடன் மின்னழுத்தம் சரிகிறது, அதனால் சோலனாய்டு விடுபடுகிறது, மின்னழுத்தம் மீள்கிறது, மறுபடியும் இழுக்கிறது. இச்சுழற்சியே அவ்வொலிக்குக் காரணம். "டக்" என்று ஒரே ஒலி மட்டும் எழுந்து அமைதியானால் சோலனாய்டின் தொடுகைகளோ தொடக்கி மின்னோடியோ பழுதாகியிருக்கலாம். மின்னோடி மட்டும் சீறிச் சுழன்று இயந்திரம் அசையவில்லையெனில், மின்னோடியின் சிறு பல்சக்கரம் இயந்திரத்தின் பெரும் பல்சக்கரத்துடன் இணையவில்லை என்பது பொருள். இயந்திரம் வழக்கமான வேகத்தில் சுழன்றும் இயங்கவில்லையெனில் பேட்டரியைக் குறை கூற இயலாது. எரிபொருள், தீப்பொறி, திருட்டுத் தடுப்பு அமைப்பு ஆகியவற்றை ஆராய வேண்டும்.

முகப்பு விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்புவது மற்றுமொரு எளிய சோதனை. விளக்கு அணையும் அளவுக்கு மங்கினால் குறை பேட்டரியிலோ முனைகளிலோ உள்ளது. சற்றும் மங்காமல் ஒளிர்ந்தால், தொடக்கிக்கு மின்னோட்டமே செல்லவில்லை. தானியங்கிப் பல்லிணை கொண்ட வண்டியில் நெம்புகோல் உரிய நிலையில் இல்லாவிட்டாலும் இவ்வாறு நேரும் என்பதால், பணிமனையை அழைப்பதற்கு முன்னர் அதனைப் பார்த்துக்கொள்வது நல்லது.

மின்னழுத்தச் சோதனை

வண்டி சில மணி நேரம் ஓய்ந்திருந்த பின்னரே பேட்டரியை அளக்க வேண்டும். ஓடி நின்றவுடன் அளந்தால் மேற்பரப்பு மின்னேற்றத்தால் அளவு உயர்ந்து காட்டும். ஓய்வு நிலையில் 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ இருந்தால் முழு மின்னேற்றம், 12.2 வோல்ட் எனில் ஏறத்தாழ பாதி, 12 வோல்ட்டுக்குக் கீழ் எனில் பெரிதும் இறங்கியது எனலாம். பின்னர் ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றொருவர் அளவியைக் கவனிக்க வேண்டும். பல்லிணை நடுநிலையில் இருத்தலும் கைத்தடை போடப்பட்டிருத்தலும் கட்டாயம். ஓய்வில் 12.6 காட்டிய பேட்டரி சுழற்றும்போது 9.6 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தால் அது வலுவிழந்துவிட்டது. இயந்திரம் இயங்கும்போது பேட்டரி முனைகளில் சுமார் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். இயங்கும்போதும் 12 வோல்ட்டிலேயே நின்றால் ஆல்ட்டர்னேட்டரோ அதன் பட்டையோ பழுது. இந்நிலையில் புதிய பேட்டரி பொருத்தினால் அதுவும் இறங்கிவிடும்.

கடற்கரையில் மிகவும் பயன்படும் சோதனை வேறொன்று. அளவியின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயத் தண்டின் மீதும், மறு முனையை அதனைப் பற்றியுள்ள கவ்வியின் மீதும் வைத்துச் சாவியைத் திருப்ப வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் அளவு சுழியத்தை ஒட்டியே இருக்க வேண்டும். இடையில் உப்புப் படலம் இருந்து, அதன் தடை 0.02 ஓம் மட்டுமே எனக் கொண்டாலும், 150 ஆம்பியர் பாயும்போது 3 வோல்ட் அங்கேயே இழக்கப்படும். ஓய்வு நிலையில் மின்னோட்டம் இல்லாததால் இவ்விழப்பு தென்படாது, அளவி 12.6 காட்டும், வண்டியோ கிளம்பாது. குழப்பம் தரும் பெரும்பாலான கோளாறுகளுக்கு விடை இங்குதான் உள்ளது. எதிர்முனைக் கம்பி வண்டியின் உடலுடன் இணையும் இடத்தையும் இவ்வாறே சோதிக்கலாம்.

முனைகளில் வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ படியும் தூளை, ஆப்பச்சோடா கரைத்த வெந்நீர் ஊற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்து நீக்கலாம். மூடித் துளைகள் வழியே சோடா நீர் உட்புகக் கூடாது. கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், மாட்டும்போது அதனை இறுதியிலும் கையாள வேண்டும். ஏனெனில் எதிர்முனை இணைந்திருக்க, நேர்முனையில் உள்ள திருக்கி வண்டியின் உடலைத் தொட்டால் பெரும் மின்னோட்டம் பாயும். இறுக்கிய பின்னர் வாசலைன் பூசினால் உப்புக் காற்று அண்டாது.

நீரும் வெப்பமும்

மூடி திறக்கக்கூடிய பேட்டரிகளில் நீர் குறைந்தால் வாலைவடி நீர் மட்டுமே ஊற்றப்பட வேண்டும். இராமநாதபுரம் கடலோரத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பானது. அதிலுள்ள குளோரைடு நேர்த்தகட்டின் ஈயச் சட்டத்தை அரிக்கும். வீட்டு வடிகட்டியின் நீரிலும் கரைந்த உப்பு எஞ்சியிருப்பதால் அதுவும் ஏற்றதன்று. அமிலத்தைச் சேர்த்தால் பேட்டரி உயிர்பெறும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. ஆவியாவது நீரே, அமிலம் அங்கேயே உள்ளது.

குளிர் நாடுகளில் பேட்டரி குளிர்காலத்தில் தொல்லை தரும். வெப்ப நாடுகளில் வண்டியைக் கிளப்புவது எளிது. ஆனால் வெப்பம் உள் அரிப்பை விரைவுபடுத்துவதால் ஆயுள் குறைகிறது. இதனினும் கேடு தருவது வண்டியை நெடுநாள் நிறுத்தி வைத்தல். வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குச் செல்வோர் மிகுந்த இம்மாவட்டத்தில் பல வீடுகளில் தானுந்து மாதக்கணக்கில் நிற்கிறது. நிறுத்திய நிலையிலும் கடிகாரம், எச்சரிக்கை அமைப்பு போன்றவை சிறிதளவு மின்னோட்டம் எடுக்கும். அது 30 மில்லி ஆம்பியர் எனினும் 30 நாட்களில் 21.6 ஆம்பியர்-மணி ஆகிறது. சிறு தானுந்தின் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிக்கு மேல் இது தீர்த்துவிடும். இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட்டு கெட்டிப்பட்டுப் பின்னர் மின்னேற்றம் ஏற்காது. ஊருக்குச் செல்லும்முன் எதிர்முனையைக் கழற்றி வைத்தால் இவ்விழப்பு நின்றுவிடும். இயல்பான தன்னிறக்கம் மட்டுமே எஞ்சும்.

பிற வண்டியின் உதவியுடன் கிளப்புதல்

மின்னேற்றத்தின்போது வெளிப்படும் ஐதரசன் வளி, காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றும். பேட்டரி வெடித்து அமிலம் கண்ணில் தெறித்தால் பார்வை பறிபோகலாம். உடனே 15 நிமிடமேனும் தூய நீரால் கழுவியபின் மருத்துவரை நாட வேண்டும். எனவே சிவப்புக் கம்பியால் இரு நேர்முனைகளையும் இணைத்து, கறுப்புக் கம்பியை நல்ல பேட்டரியின் எதிர்முனையிலும், இறுதியாகப் பழுதான வண்டியின் இயந்திர உலோகத்திலும் பொருத்துவதே முறை. இறுதி இணைப்பில் எழும் தீப்பொறி பேட்டரிக்கு அப்பால் நிகழ வேண்டும் என்பதே இதன் நோக்கம். புகைபிடித்தலும், நீர்மட்டம் பார்க்கத் தீக்குச்சி கிழித்தலும் அறவே கூடாது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உதவிக்கு முதலில் நிற்பது பெரும்பாலும் சரக்குந்தாகவே இருக்கும். பெரிய சரக்குந்துகளும் பேருந்துகளும் 24 வோல்ட் அமைப்பு கொண்டவை. அவற்றைத் தானுந்துடன் இணைத்தால் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி எரிந்துவிடக்கூடும். தள்ளிக் கிளப்புதல் கைப்பல்லிணை வண்டிகளில் மட்டுமே இயலும்.

பழைய பேட்டரி

மாற்றப்பட்ட பேட்டரியை விற்பனையாளரிடமே திருப்பித் தருவது முறையாகும். 2001 ஆம் ஆண்டின் பேட்டரி விதிகளுக்கு மாற்றாக 2022 இல் வெளியிடப்பட்ட பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளரைச் சாரும். பழைய இரும்புக் கடைக்குச் செல்லும் பேட்டரிகளுள் சில திறந்த வெளியில் உடைத்து உருக்கப்படுகின்றன. அமிலம் மண்ணில் கலப்பதுடன், ஈயப் புகையும் தூளும் அருகில் வாழும் சிறுவரின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கின்றன.