சயாமுக்குப் போனவர்கள்

"ஐயா, சயாம் ரயிலைப் போட்டது வெள்ளைக்காரக் கைதிங்கதானே?" என்று ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான். அவன்மேல் குற்றமில்லை. குவாய் நதிப் பாலத்தைப் பற்றி 1957இல் வந்த ஆங்கிலப் படம் உலகமெங்கும் ஓடியது. (அதை எடுத்ததோ சிலோனில்!) நம் தோட்டத்து ஆட்களை அதில் தேடினால் கிடைக்கமாட்டார்கள்.

ஜப்பானியர் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த பாதை அது. நீளம் 415 கிலோமீட்டர். வேலை செய்த கைதிகள் 60,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர்களோ ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். பெரட்டுக்கு நின்றவர்களை அப்படியே லாரியில் ஏற்றிப் போனார்கள் என்பார் என் பாட்டி. பசியும் காலராவும் மலேரியாவும் தின்றது போக மிஞ்சியவர்கள்தான் திரும்பினார்கள்.

கைதிகளுக்குப் பட்டாளத்துப் பட்டியல் இருந்தது. போர் முடிந்ததும் தேடி எடுத்துப் பெயர் வெட்டிக் கல் வைத்தார்கள். காஞ்சனாபுரி மயானத்தில் மட்டும் ஏறக்குறைய 7,000 கல்லறைகள். கூலிக்காரனுக்கு ஏது பட்டியல்? குழியில் தள்ளி மூடியதோடு சரி. 1944இல் ஜப்பானியர் அங்கே நாட்டிய நினைவுக்கல்லில் பல மொழிகளோடு தமிழும் உண்டு. சாகடித்தவன் கையாலா நம் எழுத்து கல்லில் ஏறவேண்டும்!

வெள்ளைக்காரனையும் ஜப்பான்காரனையும் குறை சொல்லி முடித்துவிடலாம். ஆனால் நம் வீட்டுச் சுவரையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். என் பாட்டிக்கு இரண்டு அண்ணன்மார். பெரியவர் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர். அவர் படம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. சின்னவர் சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை. அவருக்குப் படமும் இல்லை, பேச்சும் இல்லை. ரயில் பாதை முடிந்த அதே 1943 அக்டோபரில்தான் நேதாஜி சிங்கப்பூரில் சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். பக்கத்தில் துணை நின்றவன் அதே ஜப்பான்காரன். ஒரு அண்ணனைப் பெருமையாகப் பேசிய வாய், இன்னொரு அண்ணனைப் பற்றி என்னவென்று பேசும்? "அதெல்லாம் கெளறாதப்பா" என்பார் பாட்டி. நேதாஜியைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. தோட்டத்துப் பெண்கள் நகையைக் கழற்றிக் கொடுத்ததும் நடந்ததுதான். இரண்டும் ஒரே வீட்டில் நடந்தன. நாம் ஒன்றை மட்டும் மாட்டி வைத்தோம்.

2023இல்தான் காஞ்சனாபுரியில் ஒரு புத்தர் கோயில் வளாகத்தில் நம் நாட்டுத் தமிழர் முயற்சியால் நடுகல் எழுந்தது. எண்பது வருடம் ஆகியிருக்கிறது.

பரிசளிப்பு விழாவுக்கு வரும் பெற்றோர்களே, வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். ஆறாம் ஆண்டு வகுப்பு மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். சயாமுக்குப் போனவர் பெயர், தோட்டத்தின் பெயர், தெரிந்த மட்டும் எழுதினால் போதும். முதல் பக்கத்தில் பாட்டியின் சின்ன அண்ணன் பெயரை நான் எழுதி வைத்திருக்கிறேன்.