சம்பளம் வாங்கிய பூனைகள்

இரவு இரண்டு மணிக்கு மேல்வீட்டில் யாரோ தடதடவென்று ஓடுவது போலக் கேட்டால் திருடன் என்று பயந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது பூனைதான். நம் குடியிருப்பில் பூனை வளர்ப்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். "சோபாவைப் பிறாண்டுகிறது, நடந்தால் காலைக் கடிக்கிறது, என்ன செய்வது?" என்ற கேள்வியும் கூடவே வருகிறது. என் பதில் இதுதான்: உங்கள் பூனைக்கு வேலை போய்விட்டது. அது எப்படிப் போனது என்பதற்குச் சரித்திரத்தில் பதிவே இருக்கிறது.

சைப்ரஸ் தீவில், சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மனிதப் புதைகுழிக்கு அருகிலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். மனிதன் தானியம் சேர்த்து வைத்தான், எலி வந்தது, எலிக்குப் பின்னால் பூனை வந்தது. அழகுக்காக நாம் அழைத்து வந்த பிராணி அல்ல அது. வேலை இருந்ததால் தானாக வந்து சேர்ந்தது.

அந்த வேலைக்குச் சம்பளமும் உண்டு என்று சொன்னால் நம்புவீர்களா? 1868-ல் லண்டன் அஞ்சல் துறையின் மணியார்டர் அலுவலகத்தில் எலித் தொல்லை. மூன்று பூனைகளை வைத்துக்கொள்ள வாரம் இரண்டு ஷில்லிங் கேட்டு முறைப்படி மேலிடத்துக்கு எழுதினார்கள். வந்த அனுமதி ஒரு ஷில்லிங்குக்குத்தான்! அதாவது ஒரு பூனைக்கு வாரம் நாலு பென்ஸ். மீதிப் பசிக்கு எலியைப் பிடித்துக்கொள்ளட்டும் என்பது மேலிடத்துக் கணக்கு. முதல் ஆறு மாதம் பரீட்சார்த்தம். நம் பாஷையில் புரொபேஷன். வேலை திருப்தியாக இருந்தது. 1873-ல் வாரத்துக்கு ஆறு பென்ஸ் இன்கிரிமென்ட் கூடக் கிடைத்தது. கேட்டதில் பாதியை சாங்ஷன் செய்யும் மேலிடங்களோடு காலம் தள்ளிய எனக்கு இந்தக் கோப்பைப் பற்றிப் படிக்கும்போது ஏதோ தெரிந்தவர்களைப் பார்த்த மாதிரி இருந்தது.

இந்தப் பூனை உத்தியோகம் நூறு வருஷத்துக்கு மேல் நடந்தது. அஞ்சல் தலைமையகத்தின் கடைசிப் பூனை பிளாக்கி 1984-ல் இறந்துபோனது. ஏறக்குறைய அதே சமயத்தில் துணிச் சாக்குகளுக்குப் பதிலாக எலி கடிக்க முடியாத பிளாஸ்டிக் சாக்குகள் வந்துவிட்டன. காலியான அந்தப் பணியிடம் அதோடு முடிந்தது.

வீடுகளில் மாற்றம் இன்னும் முன்னாலேயே தொடங்கிவிட்டது. 1947-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்பவர், பூனையின் கழிவுத் தட்டுக்கு மணலுக்குப் பதிலாக ஒருவகைக் களிமண் துகளைக் கொடுத்துப் பார்த்தார். முகத்தில் பூசுகிறோமே முல்தானி மட்டி, அந்த வகை. ஈரத்தையும் நாற்றத்தையும் அது உறிஞ்சிக்கொண்டது. அதன் பிறகு பூனை வெளியே போக வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. இன்று மூன்றாவது மாடி ஃபிளாட்டில் ஒரு பூனை வாழ்நாள் முழுக்க இருக்க முடிகிறது என்றால் அதற்கு இந்தக் களிமண்ணும் ஒரு காரணம். ஆனால் வேட்டை ஆசை மட்டும் பூனையை விட்டுப் போகவில்லை. சோபாவும் உங்கள் காலும் அகப்படுவது அதனால்தான்.

பொம்மைக்குச் செலவு செய்ய வேண்டுமா? இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் பிராட்ஷா குழுவினர் பூனை விளையாட்டை ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டது: பூனைக்கு ஒரே பொம்மை சீக்கிரம் சலித்துவிடும்; பொம்மையை மாற்றினால் மறுபடியும் பாயும். பசியோடு இருக்கும்போது இன்னும் தீவிரமாக விளையாடும். ஆக, ஐந்நூறு ரூபாய் பொம்மை ஒன்றைவிட, காசில்லாத பொம்மை ஐந்தை மாற்றி மாற்றிக் கொடுப்பதுதான் லாபம். சாப்பாட்டுக்கு முன்னால் விளையாடவிட்டு, பிறகு தட்டை வையுங்கள். வேலை முடிந்தது, கூலி கிடைத்தது என்று அதுவும் போய்ப் படுக்கும்.

செய்தித்தாளைக் கசக்கிய பந்து போதும். ஆனால் அதைப் பூனையை நோக்கி உருட்டாமல், விலகி ஓடுகிற மாதிரி உருட்டுங்கள். எந்த எலியும் பூனையைத் தேடி வராது. டிஷ்யூ ரோலின் அட்டைக் குழலில் இரண்டு மூன்று ஓட்டை போட்டு, உள்ளே நாலு தீனித் துண்டு வைத்து, இரு முனையையும் மடக்கிவிடுங்கள். உருட்டி உருட்டித் தின்னும். கூரியரில் வரும் அட்டைப்பெட்டியை எறியாதீர்கள். டேப்பையும் பின்னையும் மட்டும் எடுத்துவிடுங்கள். நெதர்லாந்தில் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் 10-க்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டி கிடைத்தவை, கிடைக்காதவற்றைவிட வெகு சீக்கிரம் பயம் தெளிந்தன. 2014-ல் வந்த ஆய்வு அது.

நூலை மட்டும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். நூல்கண்டோடு பூனைக்குட்டி படத்துக்கு அழகுதான். ஆனால் பூனையின் நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கி வளைந்தவை. வாயில் போன நூலைத் துப்புவது கஷ்டம், விழுங்கத்தான் செய்யும். ஒரு முனை எங்காவது சிக்கிக்கொண்டால், நாடாவை இழுத்தால் பாவாடை சுருங்குகிற மாதிரி குடல் சுருங்கி அறுபடும். அறுவை சிகிச்சை வரை போகும், உயிரே போகலாம். பார்சல் சாம்பார் கட்டிவரும் நூல், பூச்சரத்து நார், ரப்பர் பேண்ட் எல்லாமே ஆபத்து, அதிலும் சாம்பார் வாசம் உள்ளது இன்னும் ஆபத்து. வாயிலோ பின்புறமோ நூல் தொங்கினால் இழுக்காமல் நேராக மருத்துவரிடம் போங்கள்.

லேசர் வெளிச்சத்தைத் துரத்தவிட்டுப் பூனைக்கு உடற்பயிற்சி தரும் முறைக்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடில்லை. எவ்வளவு ஓடினாலும் கையில் ஒன்றும் சிக்காத வேலை அது. பயன்படுத்தினால் கடைசியில் ஒரு தீனித் துண்டின் மேல் வெளிச்சத்தை நிறுத்துங்கள்.

மேல்நாட்டில் 'கேட்னிப்' என்ற புதினாக் குடும்பத்துச் செடியைப் பொம்மைக்குள் வைத்து விற்கிறார்கள். நம் ஊர்க் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் உண்டு. பிடுங்கிய வேரின் வாசனைக்குப் பூனை வந்து புரளும், அதனால் வந்த பெயர். வேரைக் கழுவி உலர்த்தி, பழைய சாக்ஸில் வைத்து இறுக முடிச்சுப் போடுங்கள். மோந்து புரளட்டும், தின்னவிட வேண்டாம். பம்ப் ரூமுக்குப் பின்னால் நிறைய முளைத்திருக்கிறது. களை பறிக்கும்போது நாலைந்தை விட்டுவைக்கும்படி தோட்டக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். வேண்டுபவர்கள் மழை பெய்த மறுநாள் போய்ப் பிடுங்குங்கள். மண் இளகியிருக்கும், வேர் அறுபடாமல் வரும்.